நாலு மூலையிலும் மஞ்சள்

கொர்ர்... டக். கொர்ர்... டக். சுவிட்சைப் போட்டதும் முதலில் இந்தச் சத்தம்தான் வந்தது. பிறகு உள்ளே எதுவோ இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி முட்டியது, திரும்பி ஓடிவந்து முட்டியது, கடைசியில் ஊஊ என்று இழுத்து மூச்சு வாங்கியது. சரி, உயிர் இருக்கிறது. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து துணி போட்டு மூடிக் கிடந்த பிரிண்டர். மூடினவளும் நான்தான், திறக்கிறவளும் நான்தான். இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேனே, எங்கே, எங்கே என்று காது தேடிக்கொண்டே இருந்தது. நான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசிலா? இல்லை, அங்கே மெஷின் சத்தம் வேறு, அது ஒரே சீராக அரைத்துக்கொண்டிருக்கும். ஆ, பிடிபட்டுவிட்டது. கொழுந்தனார் செண்பகராஜ் ஒரு காரியத்தை முடியாது என்று சொல்வதற்கு முன்னால் இப்படித்தான் தொண்டையைச் செருமுவார். கொர்ர்... டக். "அது வந்து மதினி..." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் முடியாது என்றுதான் அர்த்தம். நீயும் முடியாது என்கிறாயாக்கும். சொல்லு, சொல்லு, எத்தனை பேர் சொல்லியாயிற்று. இன்றைக்குச் சாயங்காலம் நல்ல நேரத்துக்குள் அவர் ஆட்டோவோடு வாசலுக்கு வந்துவிடுவார். என் மகள் மாரீஸ்வரியின் கல்யாணப் பத்திரிகையை முதன்முதலாகக் கோவிலில் வைக்கப் போகிறோம். அதற்குள் எனக்கு வேண்டியது என் பேர் போட்ட பத்திரிகை. அவர் அச்சடித்துக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருப்பதில் என் பேர் இல்லை.

இல்லை என்றால் இல்லவே இல்லை. நான் அஞ்சாம் வகுப்பு, எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஒருவேளை எனக்குத்தான் தட்டுப்படவில்லையோ என்று விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே இறங்கினேன். பிள்ளையார் இருக்கிறார். குலசாமி பேர் இருக்கிறது. அமரர் தங்கமாரியப்பன் அவர்களின் மகள் என்று என் வீட்டுக்காரர் பேர் இருக்கிறது, செத்தும் இருக்கிறது. தங்கள் வரவை அன்புடன் எதிர்பார்க்கும் என்று போட்டு அதற்குக் கீழே செண்பகராஜ், ராமலட்சுமி என்று கொழுந்தனாரும் அவர் பெண்டாட்டியும் ஜோடியாக நிற்கிறார்கள். தாய்மாமன் பேர், அத்தைமார் பேர், மழலைச் செல்வங்கள் என்று விரல் சூப்புகிற பிள்ளைகள் பேர்கூட வரிசையாக இருக்கிறது. பெற்றவள் பேர் இல்லை. "அது வந்து மதினி, சுபகாரியம் பாருங்க. சுமங்கலி ஜோடிதான் அழைக்கணும், நம்ம பக்கத்து வழக்கம் அப்படி. மாப்பிள்ளை வீட்ல ஒரு சொல் சொல்லிரப்படாதுல்லா? உங்க மகளுக்கு நல்லதுக்குத்தான் சொல்லுதேன்." நல்லதுக்கு என்று ஆரம்பித்துவிட்டால் எனக்கு வாய் அடைத்துப் போகும், கெட்டதுக்கு என்றால் ஏசிவிடலாம், நல்லதுக்கு என்கிறவரை என்ன சொல்லி ஏச. முந்தாநாள் அவர் வீட்டு ஹாலில் ஜமுக்காளம் விரித்துப் பொம்பளைகள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பத்திரிகைக்கு மஞ்சள் வைத்தார்கள். நாலு மூலையிலும் மஞ்சளைத் தொட்டு வைத்தால்தான் அது கல்யாணப் பத்திரிகை, வைக்காவிட்டால் வெறும் காகிதம். நானும் போய் உட்கார்ந்து ஒரு பத்திரிகைக் கட்டை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு மஞ்சள் கிண்ணத்துக்குள் விரலை விட்டேன். ராமலட்சுமி சிரித்த முகமாகத்தான் வந்தாள். கிண்ணத்தை மெள்ளத் தன் பக்கம் நகர்த்தினாள். "நீங்க எதுக்குக்கா சிரமப்படுதீக, அந்த நாற்காலில காத்தாட உக்காருங்க." என் விரல் கிண்ணத்தோடு கொஞ்ச தூரம் போயிற்று, அப்புறம் தனியாக நின்றது. ஒருத்தியும் தலை நிமிரவில்லை. வளையல் சத்தமும் சளசளப்பும் மட்டும் நின்று போயின. அது நின்றதை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சாப்பிடும்போது கேட்கிறது, குளிக்கும்போது கேட்கிறது. விரலில் ஒட்டின மஞ்சளை எங்கே துடைக்க? முந்தானையில் துடைத்தேன். கறை விழுந்துவிட்டது. துவைக்கவில்லை. இன்றைக்கும் அதே சேலையைத்தான் கட்டியிருக்கிறேன், வேண்டுமென்றுதான்.

ஆட்டோ வருவதற்குள் முடிக்க வேண்டும், அடுப்படியில் சாப்பிட்ட தட்டு அப்படியே கிடக்கிறது, கிடக்கட்டும். பிரிண்டரின் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்துப் போய் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவர் வைப்பது. சைக்கிளுக்கு ஒன்று, தையல் மெஷினுக்கு ஒன்று, அரிவாள்மனைக்கு ஒன்று, இதற்கு ஒன்று. பழைய பொட்டைச் சுரண்டமாட்டார், அதன் மேலேயே வைப்பார், அதனால் ஒரு கட்டி மாதிரி ஆகிவிட்டது. மாரி காலேஜில் படிக்கும்போது அவளுக்காக வாங்கினது, ஆனால் மாரியைவிட அவர்தான் அதன் முன்னால் அதிகம் உட்கார்ந்திருப்பார். மூடியைத் தூக்கிக் கண்ணாடி மேல் காகிதத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும், மூட வேண்டும், பட்டனை அழுத்த வேண்டும், அச்சு அசலாக இன்னொன்று வந்துவிடும், வீட்டிலேயே ஜெராக்ஸ். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்திருக்கிறேன். "வா தாயி, வா" என்று காகிதத்தைக் கூப்பிடுவார், பிள்ளை பெறுகிறவளுக்குத் தைரியம் சொல்கிற மாதிரி. அவர் காரியம் முடிந்த கையோடு செண்பகராஜ் சொன்னார்: "இதப் பழைய இரும்புக்குப் போட்ருங்க மதினி, இடத்த அடைச்சுக்கிட்டு." சைக்கிளைக் கொடுத்தேன். கட்டிலைக் கொடுத்தேன். இதைக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அன்றைக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பஜாரில் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்காரர் செண்பகராஜுக்குச் சேக்காளி, சின்ன வயசிலிருந்து ஒன்றாகச் சுற்றினவர். நான் படியிறங்குவதற்குள் அவருக்குப் போன் போய்விடும். அதனால் இதுதான், இந்த அறைதான், நான்தான்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மஞ்சள் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். அலமாரியில் அவர் மிச்சம் வைத்துப்போன வெள்ளைப் பேப்பர் கட்டைப் பிரித்துப் பாதியை எடுத்து, ஒவ்வொன்றிலும் நாலு மூலையிலும் வைத்தேன். தொட்டு வைக்கவில்லை, அப்பினேன். யாரும் கிண்ணத்தை நகர்த்தவில்லை. யாரும் நாற்காலியைக் காட்டவில்லை. அச்சடித்த பிறகு வைக்கலாமே என்று ஒரு எண்ணம் வந்ததுதான், ஆனால் பொறுக்கவில்லை, முதலில் மஞ்சள், மற்றதெல்லாம் பிறகு. அப்புறம் பெட்டியைத் திறந்து என் கல்யாணப் பத்திரிகையை எடுத்தேன். ரோஸ் நிறம் வெளுத்துத் தோல் நிறமாகிவிட்டது. என் பேர் அச்சில் வந்தது என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான். திருவளர்ச்செல்வி சண்முகத்தாய். என்ன எழுத்து, ஒவ்வொரு சுழிக்கும் ஒரு வால், வாலுக்கு ஒரு கொடி, கொடியில் ஒரு பூ. கத்தரிக்கோலை எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். பிறகு எடுத்தேன். பக்கத்திலேயே அவர் பேர், திருவளர்ச்செல்வன் தங்கமாரியப்பன், கத்தரி கொஞ்சம் தப்பினால் அவர் பேரில் பட்டுவிடும், பிழைத்திருக்கும்போது ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது கத்தரியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைக்கிறேன். கத்தரியை மறுபடி விலக்கினேன். ஏய், வெட்டு, உன் பேரைத்தானே எடுக்கிறாய், யார் வீட்டுச் சொத்தை எடுக்கிறாய். எடுத்துவிட்டேன். திருவளர்ச்செல்வியை அங்கேயே விட்டுவிட்டுச் சண்முகத்தாயை மட்டும். செண்பகராஜின் பத்திரிகையில் அந்த ஜோடிப் பேருக்கு மேலே, அதை மறைக்காமல் வைத்துப் பார்த்தேன். பெரிது. ரொம்பப் பெரிது. மணமகள் எழுத்து இல்லையா, பிள்ளையாரைவிடப் பெரிது, மாப்பிள்ளை பொண்ணைவிடப் பெரிது, கொடி இரண்டு பக்கமும் நீண்டு தாய்மாமன் பேரில் போய் மோதுகிறது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருக்கட்டும். இத்தனை நாள் இல்லாமல் இருந்த பேர், வரும்போது கொஞ்சம் இடம் கேட்கத்தானே செய்யும். சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டினேன்.

கவிழ்த்து வைத்து மூடியாயிற்று. மஞ்சள் வைத்ததை வீணாக்க வேண்டாம், முதலில் சும்மா ஒரு வெள்ளைப் பேப்பரில் பார்ப்போம் என்று பேப்பர் கட்டுக்குள் மிச்சமிருந்ததிலிருந்து ஒன்றைச் சொருகினேன். பட்டனை அழுத்தினேன். கொர்ர். இழுத்தது. "வா தாயி, வா" என்று என் வாயிலும் வந்துவிட்டது, சொன்ன பிறகுதான் யார் சொல் என்று நினைப்பு வந்தது. பேப்பர் வெளியே வந்தது. பிள்ளையார் பாதி இருக்கிறார். துதிக்கை இருக்கிறது, வயிற்றைக் காணோம். எழுத்துக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கோடு, சீப்பால் வாரிவிட்ட மாதிரி. கண்ணைக் கிட்டே கொண்டுபோனேன். ஒரு தடித்த கோடு சரியாக மாரீஸ்வரி என்ற பேர் நடுவே போகிறது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு. யாரோ அடித்துவிட்ட மாதிரி. ஃபேன் சத்தம் காதைவிட்டுப் போய்விட்டது. அய்யோ, என்ன காரியம் செய்தேன், சும்மா கிடந்திருக்கலாம், நாற்காலியில் காற்றாட உட்கார்ந்திருக்கலாம், பிள்ளை பேரில் கோடு விழுந்துவிட்டதே. அவர் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்றைக்கு நான் எதிரே வந்தேனா? வந்தேன், செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன், அப்போது எனக்குப் பொட்டும் பூவும் இருந்ததே, அப்படியிருந்தும் அவர் போகத்தானே செய்தார்? சுமங்கலி எதிரே வந்துதான் போனார். அதை யாரிடம் கேட்க. கேட்டால் கொர்ர், டக். இல்லை, இது மை. மை காய்ந்து போய்விட்டது. அவ்வளவுதான். மை காய்ந்தால் கோடு விழும், யார் பேர் அந்த இடத்தில் இருக்கிறதோ அவர்கள் மேல் விழும். பிள்ளையார் வயிற்றிலும்தானே விழுந்திருக்கிறது, பிள்ளையாருக்கு என்ன வந்துவிட்டது? ஆனாலும் அந்தப் பேப்பரைக் கசக்கக் கை வரவில்லை. மடித்து அலமாரிக்கு அடியில் செருகினேன், கண்ணில் படாமல்.

மாரிக்குப் போன் போட்டேன். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறாள், ரத்தம் பார்க்கிற வேலை. "எம்மா, டூட்டில இருக்கேன், சீக்கிரம் சொல்லு." "ஒண்ணுமில்லட்டி, அப்பா பிரிண்டர்ல ஜெராக்ஸ் எடுத்தா கோடு கோடா விழுது." "எதுக்கு ஜெராக்ஸ்?" "ஆதார் கார்டு." வாயில் வந்ததைச் சொன்னேன். "கடையில எடுக்க வேண்டியதான?" "வெயிலா இருக்குட்டி." "நீ எப்ப வெயிலுக்குப் பயந்த?" என்று சிரித்தாள். அவள் சிரிப்புச் சத்தத்தில் பாதி அவர் சிரிப்பு, முடியும்போது மூக்கால் முடியும். "ரொம்ப நாள் போடாம இருந்தா இங்க் காஞ்சிரும்மா. சொட்டு மாதிரி படம் போட்ட பட்டன் இருக்கா? அத அழுத்திப் பிடி. பச்சை லைட் மினுங்குற வரைக்கும் கைய எடுக்காத. அதுவே உள்ள கழுவிக்கிடும். ஒரு தடவைல சரியாகலன்னா திரும்பவும் செய், நடுநடுவுல கொஞ்சம் ஆறப் போடு." வைத்துவிட்டாள். அழுத்திப் பிடித்தேன். உள்ளே சக், சக், சக் என்று குழந்தை பால் உறிஞ்சுகிற சத்தம். ஆறப் போட்டேன். மறுபடி. உறிஞ்சு, உறிஞ்சு. நீயும்தான் எத்தனை நாளாய் ஒரு சொட்டு இல்லாமல் கிடந்திருக்கிறாய். மூலையில் மூடிப் போட்டுவிட்டு, திடீரென்று ஒரு நாள் எழுப்பி, தெளிவாகப் பேசு என்றால் நாக்கு புரளுமா? எனக்கே அன்றைக்கு ஹாலில் புரளவில்லையே. இன்னொரு வெள்ளைப் பேப்பர். பிள்ளையாருக்கு வயிறு வந்துவிட்டது. இன்னொன்று. மாரீஸ்வரி மேலே கிடந்த கோடு இளைத்து நூலாகி, அதற்கடுத்ததில் காணாமலே போய்விட்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன், கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, மையைக் கழுவினதற்கு இவ்வளவு அழுகையா என்று மூக்கைச் சிந்திவிட்டு, மஞ்சள் வைத்த கட்டைத் தூக்கிச் சொருகினேன். இனி நிஜப் பத்திரிகை.

கொர்ர்... டக். கொர்ர்... டக். இழுக்கவில்லை. பல்லில்லாத வாய் முறுக்கைக் கவ்வப் பார்க்கிற மாதிரி காகிதத்தைத் தடவுகிறது, நழுவுகிறது. இன்னொரு தடவை அழுத்தினேன். இந்தத் தடவை ஆவேசமாக இழுத்தது, ஒன்றை இழுக்காமல் ஒரு கொத்தையே இழுத்தது, உள்ளே மடமடவென்று முறியும் சத்தம், நின்றது. ஆரஞ்சு விளக்கு இரண்டும் மாறி மாறிக் கண்ணடிக்கின்றன. மூடியைத் திறந்து பார்த்தால் பேப்பர் விசிறி மாதிரி மடிந்து உள்ளே அடைந்து கிடக்கிறது. இழுத்தால் கிழிகிறது. வெளியே ஆட்டோ சத்தம். எட்டிப் பார்த்தேன். இல்லை, அந்த ஆட்டோவில் பாட்டு போகிறது, இது பள்ளிக்கூடப் பிள்ளைகளை விடுகிற வண்டி. அப்படியானால் நேரமாகிவிட்டது. மறுபடி மாரிக்கு. "எம்மா!" "கோவிச்சுக்காதட்டி, இப்ப பேப்பரே போக மாட்டேங்குது, எல்லாம் ஒட்டிக்கிட்டுச் சேந்து போய் உள்ள சிக்கிருச்சு." "பேப்பர் ஈரமா இருக்கா?" "ஈரம்லாம் இல்ல, மஞ்சள்தான் லேசா..." சொல்லிவிட்டேன். நாக்கைக் கடித்தேன். பிறகு மெள்ள, ஊசி போடுவதற்கு முன்னால் தடவிக் கொடுக்கிற குரலில் கேட்டாள்: "எம்மா, ஆதார் கார்டு ஜெராக்ஸுக்கு எதுக்கு மஞ்சள்?" என்ன சொல்ல. சொன்னேன். கிண்ணத்தைச் சொன்னேன், நாற்காலியைச் சொன்னேன், கத்தரிக்கோலைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சித்தப்பா என்னம்மா நினைப்பாக? மண்டபம், சமையக்காரன், பந்தல்னு அவருதான அலையுதாரு." "அலையுதாரு. இல்லன்னா சொன்னேன்? அவரு அலைச்சலுக்கு அவரு பேர் போடட்டும், நான் வேண்டாங்கலையே. என் பேர எதுக்கு எடுக்கணும்?" "மாப்பிள்ளை வீட்ல ஏதாச்சும் பேசிட்டாகன்னா..." "பேசுனா நீ என்ன சொல்லுவ?" பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுகிறார்கள். "வைக்கேன்மா" என்றாள். வைத்துவிட்டாள்.

போன் மடியில் கிடக்கிறது. விளக்கு கண்ணடிக்கிறது. ஒன்று மாற்றி ஒன்று, வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று. அவளுக்கே வேண்டாம் என்றால் நான் யாருக்காக இந்தச் சண்டை போடுகிறேன்? எனக்காகத்தானா? சரி, எனக்காகத்தான். அதில் என்ன குற்றம்? ஆனால் அது மட்டுமா, அடியில் ஒன்று கிடக்கிறதே, கிண்ணத்தை நகர்த்தினபோது உள்ளுக்குள் ஒருத்தி, நகர்த்தட்டும், பிள்ளைக்கு நல்லது, என்று சொன்னாளே. அவள் யார்? ராமலட்சுமி இல்லை, அவள் குரல் எனக்குத் தெரியும். அது என் குரல். என் அம்மா குரல் மாதிரியும் இருந்தது. அறுதலி கை படப்படாது. நானே சொல்லியிருக்கிறேனே மனசுக்குள், தெருவில் கிளம்பும்போது எதிரே வந்த தாலியில்லாதவளைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறேனே. நாளைக்கு மாரிக்கு ஒரு காய்ச்சல், ஒரு தலைவலி என்றாலும், பார்த்தியா, அன்றைக்கே சொன்னோமே என்பார்கள், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், சளசளப்பு நிற்கும், அவ்வளவுதான், அந்த நிற்கிற சத்தம் போதும் எனக்கு. பயம் என்றால் இதுதான் பயம். அவர்கள் சொல்வதல்ல, நான் தலையாட்டிவிடுவேனோ என்பதுதான். அட போ. இந்தக் கைதானே அவளைக் குளிப்பாட்டியது? இந்தக் கைதானே ஆபீசிலிருந்து தீக்குச்சி மருந்து வாசனையோடு வந்து அவளுக்குச் சோறு பிசைந்தது? அவர் போன பிறகும் மாசாமாசம் வந்து என் கையால்தானே தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு போகிறாள், அவளுக்கு என்ன ஆயிற்று, முடி கருகருவென்று வளர்ந்துதானே இருக்கிறது? எண்ணெய் வைக்கலாம், மஞ்சள் வைக்கப்படாதா? எந்தச் சாமி இந்தக் கணக்கைப் போட்டது? சாமி என்றால் வந்து நேரில் சொல்லட்டும். செண்பகராஜ் சொல்ல வேண்டாம்.

போன் அடித்தது. மாரி. எடுத்துக் காதில் வைத்தேன். அங்கே ஒரு கதவு சாத்துகிற சத்தம், மாடிப்படிக்கு வந்துவிட்டாள் போல, பேச்சு எதிரொலித்தது. "சிக்குன பேப்பர முன்னாடி பக்கமா இழுக்காத. பின்னாடி ஒரு மூடி இருக்கும், கழத்து. மெதுவா, ரெண்டு கையாலயும் எடு." எடுத்தேன். "எடுத்துட்டியா? உள்ள கறுப்பா ரப்பர் உருளை தெரியுதா? அதுலதான் மஞ்சள் அப்பியிருக்கும், அதான் வழுக்குது. ஈரத் துணிய நல்லாப் பிழிஞ்சு, உருட்டி உருட்டித் துடை. மிச்சப் பேப்பர எல்லாம் ஃபேனுக்கு அடியில பரப்பிக் காய விடு, காஞ்ச பொடிய உதறிட்டு ஒண்ணொண்ணா வை, கொத்தா வைக்காத." நான் ம், ம் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை அவள், சித்தப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை, மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். "எம்மா." "என்னட்டி?" "எழுத்து ரொம்பப் பெருசாவா இருக்கு?" "பெருசுதான். பூவெல்லாம் போட்டிருக்கு." மூக்கால் ஒரு சிரிப்பு. "எனக்கு ஒண்ணு எடுத்து வை. மாப்பிள்ளை வீட்டுக்கு நான் குடுத்துக்கிடுதேன்." வைத்துவிட்டாள். நான் துணியைத் தேடினேன். கையில் கிடைக்கவில்லை. முந்தானையை நனைத்துப் பிழிந்தேன், ஏற்கெனவே கறை பட்டதுதானே, இன்னும் கொஞ்சம் படட்டும். உருட்டி உருட்டித் துடைத்தேன். மஞ்சள் வந்துகொண்டே இருந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் பொண்ணுக்கு நலங்கு வைத்த மாதிரி அப்பிக் கிடக்கிறது. அறை முழுக்கப் பேப்பர் பரப்பினேன், ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன், பறந்தவற்றின் மேல் உளுந்து டப்பா, மிளகு டப்பா, டம்ளர், கரண்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்தேன். காய்ந்ததை உதறி ஒரே ஒரு தாளாக உள்ளே விட்டேன். கொர்ர். கொர்ர். டக் வரவில்லை. இழுத்தது. இழுத்துக்கொண்டே போயிற்று.

வந்தது. தாளின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரைக்கும் இரண்டு மஞ்சள் தடம், ரோட்டில் ஈரச் சக்கரம் போன மாதிரி. நான் எவ்வளவு துடைத்தும் அந்த உருளை விடவில்லை, நாலு மூலை போதாது என்று நெடுகத் தடவி அனுப்புகிறது. பத்திரிகை அளவு சின்னது என்பதால் பெரிய தாளில் ஒரு பக்கமாய்ப் போய் ஒதுங்கி விழுந்திருக்கிறது, கீழே பாதிக்குமேல் வெறுமை. அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பிள்ளையார் முழுசாக இருக்கிறார், மாரீஸ்வரி முழுசாக இருக்கிறாள், அமரர் இருக்கிறார், தங்கள் வரவை அன்புடன் எதிர்பார்க்கும் என்பதற்குக் கீழே கொடியும் பூவும் வாலும் சுழியுமாகச் சண்முகத்தாய் இருக்கிறாள். விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். சுவரில் இருக்கிற சாமி படத்துக்கு அடியில் முதல் தாளை வைத்தேன், இந்தா, கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம் என்றால் இப்போதே கீழே தள்ளு. ஃபேன் காற்றில் ஓரம் படபடத்தது, தள்ளவில்லை. கோவிலுக்கு ஒன்று, மாரிக்கு ஒன்று. இன்னொன்று போட்டேன், இன்னொன்று. வாசலில் ஆட்டோ நின்றது, இது பாட்டில்லாத ஆட்டோ. செருப்புச் சத்தம், கொலுசுச் சத்தம். "மதினி, கிளம்பியாச்சா? நல்ல நேரம் போயிரப்போகுது." செண்பகராஜ் உள்ளே கால் வைத்தவர் அப்படியே நின்றார். எங்கே பார்த்தாலும் மஞ்சள் வைத்த பேப்பர், அதன் மேல் மிளகு டப்பா. பின்னால் ராமலட்சுமி, பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "யக்கா, என்னக்கா இது?" அவர் குனிந்து ஒன்றை எடுத்தார். படித்தார். அவர் கண் எந்த இடத்துக்குப் போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன், போயிற்று, நின்றது. தொண்டையைச் செருமினார். கொர்ர்... டக். "அது வந்து மதினி..."

அதற்குள் நான் தாம்பாளத்தை எடுத்துவிட்டேன். வெற்றிலை, பாக்கு, அதன் மேல் அப்போதுதான் வந்த மை காயாத பத்திரிகை. அழைக்கிறவள் எப்படி நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், எத்தனை பேர் என்னை அழைத்திருக்கிறார்கள். தலையில் முந்தானையை இழுத்துப் போடவில்லை, கறையோடு தோளில் கிடந்தது. இரண்டு கையாலும் நீட்டினேன். "தம்பி, ராமலட்சுமி, என் மக மாரீஸ்வரிக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு முந்தின நாளே வந்துரணும். கூட நின்னு நடத்திக் குடுக்கணும்." அவர் வாய் திறந்தபடி நின்றது. அழைப்புத் தாம்பாளத்தை நீட்டினால் வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது, பகையாளிகூட வாங்கிக்கொண்டுதான் பகையைத் தொடர்வான். ராமலட்சுமியின் கை அவள் யோசிப்பதற்கு முன்னால் வந்துவிட்டது. சேலையை விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டி, லேசாகக் குனிந்து வாங்கிக்கொண்டாள். வாங்கின பிறகுதான் என்ன வாங்கினோம் என்று பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அப்புறம் தன் விரல்களைப் பார்த்தாள், அந்த மஞ்சள் தடம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது, விரல் நுனியில் ஒட்டியிருந்தது. எங்கே துடைக்க என்று தெரியாமல் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். நான் திரும்பிக் குனிந்து அடுத்த தாளை உள்ளே விட்டேன். கொர்ர், கொர்ர் என்று இழுத்துக்கொண்டு போயிற்று. "இருங்க, கொஞ்சம் உக்காருங்க" என்றேன். "அந்த நாற்காலில காத்தாட உக்காருங்க. இன்னும் ரெண்டு போட்டுட்டு வந்துருதேன்."